இரண்டு கடிதங்கள், ஒரு ராஜா: எசேக்கியாவைப் பற்றி விசுவாசிகள் கேட்கும் கேள்விகள்

எசேக்கியா யார்? எந்தக் காலத்தவன்?

யூதாவின் ராஜா. தாவீதின் வம்சத்தில் வந்தவன், ஆகாஸின் மகன். இருபத்தைந்து வயதில் அரியணை ஏறி, எருசலேமில் 29 வருஷம் ஆட்சி செய்தான். காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். அசீரியப் பேரரசு அக்கம்பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. வடக்கே இருந்த இஸ்ரவேல் ராஜ்யமும் அதன் தலைநகரான சமாரியாவும் அவன் கண்ணெதிரிலேயே அழிந்தன. ஏசாயாவும் மீகாவும் அவன் காலத்துத் தீர்க்கதரிசிகள்.

அவன் வரலாற்றை வேதாகமம் மூன்று இடங்களில் சொல்கிறது: 2 இராஜாக்கள் 18 முதல் 20 வரை, 2 நாளாகமம் 29 முதல் 32 வரை, ஏசாயா 36 முதல் 39 வரை. ஒரே மனிதனுக்கு இவ்வளவு இடம் கொடுக்கப்பட்டிருப்பதே கவனிக்கத்தக்கது.

தாவீது இருக்கிறான், யோசியா இருக்கிறான். ஏன் எசேக்கியா?

கர்த்தர்மேல் வைத்த நம்பிக்கையில், யூதாவின் ராஜாக்களுக்குள் அவனுக்கு முன்னும் பின்னும் அவனைப்போல் ஒருவனும் இருந்ததில்லை என்று 2 இராஜாக்கள் 18:5 சாட்சி கொடுக்கிறது. யோசியாவைப் பற்றியும் 23:25இல் ஏறக்குறைய இதே பாராட்டு வருகிறதே, இது முரண்பாடல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டு வசனங்களையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் குழப்பம் இல்லை. யோசியாவுக்குச் சொல்லப்பட்டது, மோசேயின் நியாயப்பிரமாணத்தின்படி முழு இருதயத்தோடு கர்த்தரிடம் திரும்பியதற்காக. எசேக்கியாவுக்குச் சொல்லப்பட்டது நம்பிக்கைக்காக.

எனக்கு அவனைப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. அவன் கைக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று எதிரியிடமிருந்து, மற்றொன்று நண்பனாக வந்தவனிடமிருந்து. முதல் கடிதத்தை ஆலயத்துக்கு எடுத்துப்போனான். இரண்டாவதை எடுத்துப்போனதாக வேதம் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையின் உயரமும் சறுக்கலும் இந்த இரண்டு கடிதங்களுக்கு இடையில்தான் இருக்கின்றன. கீழே வரும் பதில்களில் பலவும் அங்கேயே போய்ச் சேரும்.

இவ்வளவு பொல்லாத தகப்பனுக்கு எப்படி இப்படி ஒரு மகன்?

ஆகாஸ் தன் பிள்ளையையே தீக்கடக்கப்பண்ணினவன். தமஸ்குவில் பார்த்த பலிபீடத்தின் மாதிரியில் எருசலேமில் ஒன்று கட்டச் செய்தவன். கடைசியில் கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளையே பூட்டிவிட்டவன். அந்த வீட்டில் வளர்ந்த பையன் எசேக்கியா.

அவன் தாய்தான் அவனை இரகசியமாக பக்தியில் வளர்த்தாள் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். இருக்கலாம். ஆனால் வேதம் அவளுடைய பெயரையும் அவள் சகரியாவின் மகள் என்பதையும் மட்டுமே சொல்கிறது. மீதி நம் கற்பனை. உறுதியாகத் தெரிவது ஒன்று உண்டு. மீகா எருசலேமுக்கு விரோதமாகத் தீர்க்கதரிசனம் சொன்னபோது எசேக்கியா அவனைக் கொல்லாமல் கர்த்தருக்குப் பயந்து அவர் முகத்தை நோக்கிக் கெஞ்சினான் என்று ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் மூப்பர்கள் நினைவுகூர்ந்தார்கள் (எரேமியா 26:18, 19). கண்டித்துப் பேசுகிறவனைத் தன் அருகில் விட்டுவைத்தான். வளர்ப்பு எப்படி இருந்தாலும் இதை ஒருவன் தானேதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"எங்கள் குடும்பத்தில் விசுவாசம் என்ற பேச்சே கிடையாது, நான் எப்படி நிலைநிற்பேன்?" என்று கேட்கிறவர்களுக்கு, ஆகாஸின் மகன் என்ற பெயரோடேயே எசேக்கியா நின்றான் என்பதே பதில்.

ராஜாவானதும் முதலில் என்ன செய்தான்?

கதவைத் திறந்தான். முதலாம் வருஷம், முதலாம் மாதத்திலேயே, தகப்பன் பூட்டிய ஆலயக் கதவுகளைத் திறந்து பழுதுபார்த்தான். அசீரியா அச்சுறுத்திக்கொண்டிருக்கும்போது மதில், படை, கஜானா என்று தொடங்காமல் இங்கே தொடங்கினான்.

2 நாளாகமம் 29ஆம் அதிகாரத்தின் விவரங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆசாரியர்கள் உள்ளே போய், ஆலயத்தில் கிடந்த அசுத்தத்தையெல்லாம் பிராகாரத்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். ஆலய ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட லேவியர் அங்கிருந்து அதை எடுத்துப்போய் கீதரோன் ஆற்றில் கொட்டினார்கள். முதல் எட்டு நாளில் மண்டபம் வரை வந்தார்கள். மேலும் எட்டு நாள் ஆலயத்தைச் சுத்திகரித்து, பதினாறாம் தேதி முடித்தார்கள். பல வருஷத்துக் குப்பை பதினாறு நாளில் வெளியேறியது.

இதில் ராஜா எங்கே இருந்தான் என்பதையும் கவனியுங்கள். அவன் ஆசாரியரையும் லேவியரையும் கூட்டினான், பேசினான், ஊக்கப்படுத்தினான். பரிசுத்த ஸ்தலத்துக்குள் தானே நுழையவில்லை. அவனுடைய கொள்ளுப்பாட்டன் உசியா பலப்பட்டபோது மனமேட்டிமையாகி, தூபங்காட்ட உள்ளே நுழைந்து, நெற்றியில் குஷ்டத்தோடு வெளியே வந்தவன். ஆர்வம் எவ்வளவு இருந்தாலும் தன் எல்லையை அறிந்திருப்பது பக்தியின் ஒரு பகுதி. சபையில் எழுப்புதல் வேண்டும் என்று துடிக்கிறவர்கள் எல்லா வேலையையும் தாங்களே செய்ய முற்படும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

மோசே செய்த வெண்கல சர்ப்பத்தை ஏன் உடைத்தான்? அது கர்த்தர் சொல்லித்தானே செய்யப்பட்டது?

ஆம், அவர் சொல்லித்தான் செய்யப்பட்டது. வனாந்தரத்தில் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்தபோது, அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள் (எண்ணாகமம் 21). அப்படியானால் அது போலி அல்ல. உண்மையான இரட்சிப்பின் உண்மையான சின்னம். பல நூற்றாண்டுகள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. எசேக்கியாவின் காலத்தில் இஸ்ரவேலர் அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அதை உடைத்துப்போட்டான்.

பாகாலின் சிலையை உடைப்பது ஒரு வகையில் எளிது. எதிரி யார் என்று எல்லோருக்கும் தெரியும். மோசேயின் கையால் ஆனதை உடைக்க வேறு துணிச்சல் வேண்டும். "முன்னோர் பாதுகாத்ததை இவன் அழிக்கிறானே" என்று அன்றும் முணுமுணுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நம்மிடமும் இப்படிப்பட்டவை உண்டு. ஒரு காலத்தில் தேவன் பயன்படுத்திய கூட்டம், ஒரு ஊழியரின் பெயர், ஒரு ஜெப முறை, "அன்று அப்படி அபிஷேகம் இறங்கியது" என்ற நினைவு. இவை நல்லவையாக இருந்ததால்தான் ஆபத்து. கவனிக்க: பின்னாளில் இயேசு அதே சர்ப்பத்தைத் தம் சிலுவைக்கு முன்னடையாளமாகச் சொன்னார் (யோவான் 3:14). உலோகம் உடைந்ததால் அது காட்டிய சத்தியம் உடைந்துவிடவில்லை.

பஸ்காவைத் தவறான மாதத்தில் கொண்டாடினானாமே?

எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பண்டிகையான பஸ்கா முதலாம் மாதம் பதினாலாம் தேதி. அவர்கள் ஆலயத்தைச் சுத்தம் செய்து முடித்ததே பதினாறாம் தேதி. போதுமான ஆசாரியர்கள் தங்களைப் பரிசுத்தம்பண்ணியிருக்கவில்லை, ஜனங்களும் கூடியிருக்கவில்லை. அடுத்த வருஷம் வரை காத்திருக்கலாம் என்று விடாமல் இரண்டாம் மாதத்தில் ஆசரித்தார்கள். தீட்டுப்பட்டவர்களுக்கும் தூரப் பிரயாணத்தில் இருப்பவர்களுக்கும் எண்ணாகமம் 9 இந்த இடத்தை ஏற்கெனவே விட்டுவைத்திருந்தது.

இன்னும் பெரிய காரியம், பெயெர்செபா முதல் தாண் வரை அவன் அழைப்பு அனுப்பியது. அஞ்சற்காரர் வடநாட்டில் ஊர் ஊராகப் போனார்கள். பலர் அவர்களைப் பார்த்து நகைத்துப் பரிகாசம்பண்ணினார்கள். ஆனால் ஆசேர், மனாசே, செபுலோன் கோத்திரங்களில் சிலர் தங்களைத் தாழ்த்தி எருசலேமுக்கு வந்தார்கள்.

வந்தவர்களில் அநேகர் முறைப்படி தங்களைச் சுத்தம்பண்ணிக்கொள்ளாமலே பஸ்காவைச் சாப்பிட்டுவிட்டார்கள். எசேக்கியா அவர்களைத் துரத்தவில்லை. "பரவாயில்லை, விதி என்ன பெரிது" என்று சொல்லவும் இல்லை. பரிசுத்த ஸ்தலத்துக்கு அடுத்த சுத்தம் இல்லாவிட்டாலும், தேவனைத் தேட இருதயத்தை நேராக்கினவர்களுக்கெல்லாம் மன்னிக்கும்படி ஜெபித்தான். கர்த்தர் கேட்டு ஜனங்களைக் குணமாக்கினார். சபைக்குப் புதிதாக வருகிறவர் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்கிற நாம், 2 நாளாகமம் 30:18 முதல் 20 வரை ஒருமுறை சத்தமாக வாசிப்பது நல்லது.

காணிக்கை பற்றி ஏதாவது?

சுருக்கமாக: ஜனங்கள் மூன்றாம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை கொண்டுவந்தது குவியல் குவியலாகக் கிடந்தது. எசேக்கியா அதைப் பார்த்துக் கர்த்தரைத் துதித்தான். உடனே, இது என்ன குவியல் என்று விசாரிக்கவும் செய்தான். பிறகு அறைகளை ஆயத்தப்படுத்தி, பொறுப்பாளரை நியமித்து, பங்கிட ஏற்பாடு செய்தான். துதியும் கணக்கும் ஒரே மனிதனிடம் இருந்தன. பல சபைகளில் இவை ஏன் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றன என்று எனக்கு விளங்கியதில்லை.

அசீரியாவுக்குப் பணம் கட்டினானே, அது அவிசுவாசம் இல்லையா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கிறவர்கள் அதிகம். கி.மு. 701இல் அசீரியா ராஜா சனகெரிப் யூதாவுக்குள் வந்து அரணான பட்டணங்களைப் பிடித்தான். எசேக்கியா, யூதாவின் பட்டணமான லாகீசில் இருந்த அவனுக்கு ஆள் அனுப்பி, நான் குற்றஞ்செய்தேன், நீர் சுமத்துவதைச் சுமப்பேன் என்றான். முந்நூறு தாலந்து வெள்ளி, முப்பது தாலந்து பொன் கேட்கப்பட்டது. ஆலயக் கதவுகளிலும் நிலைகளிலும் தானே இழைத்திருந்த பொன்தகடுகளைக் கழற்றிக் கொடுத்தான். எந்தக் கதவுகளைத் திறந்து ஆட்சியைத் தொடங்கினானோ, அதே ஆலயத்தின் கதவுகள்.

இதை அவிசுவாசம் என்று வேதம் பெயரிடவில்லை, பாராட்டவும் இல்லை. ஜனங்களைக் காப்பாற்ற நினைத்த ஒரு ராஜாவின் கடைசி முயற்சி என்று நான் வாசிக்கிறேன். பலன்? பணத்தை வாங்கிக்கொண்ட சனகெரிப் படையையும் அனுப்பினான். நம்பிக்கையில் நிகரற்றவன் என்று பெயர் பெற்றவனுடைய வரலாற்றில் இந்தப் பக்கமும் கிழிக்கப்படாமல் இருக்கிறது. நிகரற்ற விசுவாசம் என்றால் ஒருநாளும் தடுமாறாத விசுவாசம் என்று நினைத்துக்கொண்டு சோர்ந்துபோகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

ஜெபிக்கிறவன் ஏன் சுரங்கம் வெட்ட வேண்டும்?

முற்றுகையை எதிர்பார்த்து, எதிரிக்குத் தண்ணீர் கிடைக்காமல் ஊற்றுகளைத் தூர்த்து, கீகோன் ஊற்றின் தண்ணீரை நகரத்துக்குள் திருப்பினான். இன்றும் எருசலேமில் நடந்து பார்க்கக்கூடிய ஏறக்குறைய 533 மீட்டர் நீளமான சுரங்கத்தைத்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் அவனுடைய வேலையாகக் கருதுகிறார்கள். பாறைக்குள் வளைந்து வளைந்து போய் சீலோவாம் குளத்தில் முடிகிறது. 1880இல் அதன் சுவரில் ஒரு பழைய எபிரெயக் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. இரு முனைகளிலிருந்தும் இரண்டு குழுவினர் வெட்டிக்கொண்டே வந்ததையும், இன்னும் மூன்று முழம் பாறை மிச்சமிருக்கும்போது ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டதையும் அது சொல்கிறது. கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாடத்துக்கு வருவோம். ஏற்பாடு செய்வது விசுவாசத்துக்கு விரோதமல்ல என்று சொல்லிவிட்டுப் பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஏசாயா 22 அங்கே நிறுத்தவில்லை. மதிலை அரணிப்பாக்க வீடுகளை இடித்தீர்கள், இரண்டு மதில்களுக்கும் நடுவே தண்ணீரைத் தேக்கினீர்கள், ஆனால் இதையெல்லாம் நெடுங்காலத்துக்கு முன்பே ஏற்படுத்தினவரை நோக்கவில்லை என்று எருசலேமைக் கண்டிக்கிறது. 1970களில் நாகமான் அவிகாத் என்ற தொல்லியல் அறிஞர் எருசலேமில் அக்காலத்துச் சுமார் 7 மீட்டர் அகலமான மதிலின் ஒரு பகுதியைத் தோண்டி எடுத்தார். அது முன்பிருந்த வீடுகளின் மேலேயே கட்டப்பட்டிருந்தது. ஏசாயா சொன்னது வெறும் உவமை அல்ல, கண்ணால் கண்ட காட்சி.

ஆகவே வெட்டலாம், கட்டலாம். சிகிச்சை, காப்பீடு, சேமிப்பு எதுவும் பாவமல்ல. தண்ணீர் உள்ளே வந்துசேர்ந்த பிறகு ஜெபம் குறைகிறதா என்பதுதான் ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

ரப்சாக்கே பேசும்போது ஜனங்கள் ஏன் பதில் சொல்லவில்லை?

ராஜா அப்படிக் கட்டளையிட்டிருந்தான். அதற்கு முன், சனகெரிப் படையோடு அனுப்பிய அதிகாரியான ரப்சாக்கே நின்ற இடத்தைக் கவனியுங்கள்: வண்ணார் துறையின் வழியிலுள்ள மேல்குளத்துச் சாலகம் (கால்வாய்). ஏசாயா 7:3இல் தீர்க்கதரிசி ஆகாஸைச் சந்தித்ததும் அங்கேதான். அன்று பயப்படாதே, அமர்ந்திரு என்று சொல்லப்பட்ட ஆகாஸ், கர்த்தரை நம்பாமல் ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் அனுப்பி அசீரியாவைத் துணைக்கு அழைத்தான். தகப்பன் அழைத்த அசீரியா அதே இடத்தில் மகனுக்கு முன்பாக வந்து நிற்கிறது.

ரப்சாக்கேயின் பேச்சு அலசிப் பார்க்கத்தக்கது. எகிப்து நெரிந்த நாணற்கோல் என்றான். அது உண்மை, ஏசாயாவே எகிப்தை நம்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்தான். எசேக்கியா வழிபாட்டு மேடைகளை அகற்றியதால் கர்த்தர் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார் என்ற தொனியில் அடுத்து பேசினான். அது நேர்த்தலைகீழான பொய். இரண்டாயிரம் குதிரை தருகிறேன், ஏற ஆள் இருக்கிறதா என்று ஏளனம் செய்தான். கர்த்தரே என்னை அனுப்பினார் என்று பக்தியின் மொழியிலும் பேசினான். சீரிய மொழியில் பேசும் என்று அதிகாரிகள் கேட்டுக்கொண்டபோது, மதிலின்மேல் இருந்த சாதாரண ஜனங்களுக்குக் கேட்கும்படி யூதபாஷையிலேயே சத்தமிட்டான்.

பாதி உண்மை, பாதி பொய், நடுவே வேத வசனம் போன்ற ஒலி. சோதனைக்காரன் இன்றும் இந்த விகிதத்தில்தான் கலந்து தருகிறான். இப்படிப்பட்ட பேச்சுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் எங்கே முடியும்? மதிலில் நின்றவர்கள் மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனம் தோல்வி அல்ல; பேச வேண்டிய இடம் வேறு என்று ராஜாவுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பிரபலமான கடிதக் காட்சியில் நாம் கற்க என்ன இருக்கிறது?

சனகெரிப் இரண்டாம் முறை ஆட்களிடம் நிருபம் கொடுத்தனுப்பினான். எசேக்கியா அதை வாங்கினான், வாசித்தான், ஆலயத்துக்குப் போனான், கர்த்தருக்கு முன்பாக விரித்தான். முதலில் வாசித்தான் என்பதைத் தவறவிடாதீர்கள். கெட்ட செய்தியைத் திறக்காமலே வைத்துவிட்டு "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்வது அவன் வழியாக இருக்கவில்லை.

ஜெபத்திலும் அதே நேர்மை. அசீரியா ராஜாக்கள் ஜாதிகளைப் பாழாக்கியது மெய்தான் என்று ஒத்துக்கொள்கிறான். அந்தத் தேவர்கள் மரமும் கல்லும், அதனால் அழிந்தார்கள் என்று வேறுபாட்டைச் சொல்கிறான். தன் ஆட்சியை, தன் நற்செயல்களை இந்த ஜெபத்தில் அவன் முன்வைக்கவில்லை. நீர் ஒருவரே தேவன் என்று பூமியின் ராஜ்யங்களெல்லாம் அறியட்டும் என்பதே அவன் சொன்ன காரணம்.

மருத்துவ அறிக்கை, வழக்கு நோட்டீஸ், வேலைநீக்கக் கடிதம் ஆகியவற்றை ஜெப அறையில் விரித்து வைத்தவர்கள் நம்மில் பலர் உண்டு. நல்லதுதான். கூடவே, காகிதத்தில் எழுதியிருப்பது மெய்தான் என்று சொல்கிற அந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே எருசலேம் தப்பியதா? சரித்திரம் என்ன சொல்கிறது?

கர்த்தருடைய தூதன் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரித்தான், சனகெரிப் நினிவேக்குத் திரும்பினான் என்பது வேதத்தின் பதிவு. சனகெரிப்பின் சொந்தப் பதிவுகளும் கிடைத்திருக்கின்றன. யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டிலடைத்த பறவையைப்போல் எருசலேமில் அடைத்ததாகவும் அவன் பெருமை பேசுகிறான். கப்பமாக முப்பது தாலந்து பொன் பெற்றதையும் குறிப்பிடுகிறான். வேதமும் அதே எண்ணைத் தருகிறது. எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சனகெரிப் எங்கும் சொல்லவில்லை. நினிவே அரண்மனைச் சுவரில் அவன் செதுக்கிவைத்த வெற்றி, லாகீசின் வீழ்ச்சி. அந்தச் சிற்பங்கள் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. "ஆகாஸின் மகன் எசேக்கியா, யூதாவின் ராஜா" என்ற எழுத்துள்ள களிமண் முத்திரைப் பதிவு ஒன்று எருசலேம் அகழாய்வில் கிடைத்தது; 2015இல் அது அறிவிக்கப்பட்டது.

லாகீஸ் சிற்பங்களில் மூட்டைமுடிச்சோடு சிறைப்பட்டுப் போகும் யூதக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிலும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள். எருசலேமின் விடுதலையைப் பிரசங்கிக்கும்போது லாகீசை மறைத்துவிட்டுப் பேசுவது, துக்கத்தில் இருக்கும் விசுவாசிக்குச் செய்யும் அநியாயம். "என் ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை" என்று ஒருவர் கேட்கும்போது, "எசேக்கியாவைப்போல் ஜெபித்திருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆயுசைக் கூட்டிக் கேட்டது தவறா? அதனால்தானே மனாசே பிறந்தான்?

எசேக்கியா வியாதிப்பட்டு மரணத்துக்கு ஏதுவாயிருந்தபோது, வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும், நீர் பிழைக்கமாட்டீர் என்று ஏசாயா வந்து சொன்னான். அவன் சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பி மிகவும் அழுதான். ஏசாயா பாதி முற்றத்தைக் கடப்பதற்குள் வார்த்தை திரும்பி வந்தது: கண்ணீரைக் கண்டேன், பதினைந்து வருஷம் கூட்டுவேன். ஆகாஸின் சூரிய கடிகாரத்தில் நிழல் பத்துப் பாகை பின்னிட்டது அடையாளம். மருந்தாக அத்திப்பழத்து அடை பிளவையின்மேல் பூசப்பட்டது. அற்புதத்தை வாக்குப்பண்ணிய தீர்க்கதரிசியே மருந்தையும் சொன்னதை, மருந்து எடுப்பதைக் குறைவாக எண்ணுகிறவர்கள் வாசிக்க வேண்டும்.

எசேக்கியாவின் மகன் மனாசே ராஜாவானபோது வயது பன்னிரண்டு. நேராகக் கணக்கிட்டால் அந்தக் கூடுதல் வருஷங்களில்தான் பிறந்திருக்கிறான். யூதாவின் மிகப் பொல்லாத ராஜா. ஆகவே "எசேக்கியா அன்றே மரித்திருந்தால் நலம்" என்கிறார்கள். எனக்கு இது சற்றும் ஒப்பவில்லை. வேதம் அந்த ஜெபத்தை எங்கும் குற்றப்படுத்தவில்லை. தேவனே பதில் கொடுத்தார். மனாசே சிறையிருப்பில் தன்னை மிகவும் தாழ்த்தினதை 2 நாளாகமம் 33 சொல்கிறது. அவன் பேரன் யோசியா. மத்தேயு 1:10இல் இயேசுவின் வம்சவரலாற்றில் எசேக்கியா, மனாசே என்ற பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மரணப்படுக்கையில் அழுதவனைக் குறை சொல்ல, ஆரோக்கியமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவ்வளவு அவசரம் வேண்டாம்.

தகைவிலான் குருவியைப்போல் கூவினேன், புறாவைப்போல் புலம்பினேன் என்று அவனே பிறகு எழுதிவைத்தான் (ஏசாயா 38). பக்தியுள்ளவன் சாவுக்குப் பயப்படக் கூடாது என்று யார் சொன்னது?

அப்படியானால் அவன் எங்கே சறுக்கினான்?

இரண்டாவது கடிதத்தில். பாபிலோன் ராஜா மெரோதாக்பலாதான், எசேக்கியா வியாதிப்பட்டு எழுந்ததைக் கேள்விப்பட்டு, நிருபங்களும் வெகுமானமும் அனுப்பினான். இந்தப் பாபிலோன் ராஜா அசீரியாவுக்கு எதிராக எழும்பிக்கொண்டே இருந்தவன். நலம் விசாரிப்புக்குப் பின்னால் கூட்டணி எண்ணம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். தேசத்தில் நடந்த அற்புதத்தைக் கேட்டறியவும் தூதர் வந்தார்கள் என்கிறது 2 நாளாகமம் 32:31.

சாட்சி சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டுமா? எசேக்கியா காட்டியது வெள்ளி, பொன், கந்தவர்க்கம், நல்ல பரிமளதைலம், ஆயுதசாலை. காட்டாத பொருள் ஒன்றுமில்லை. ஏசாயா வந்து கேட்ட கேள்விகள் எளியவை: அவர்கள் என்ன சொன்னார்கள்? எங்கேயிருந்து வந்தார்கள்? உம்முடைய வீட்டில் என்ன பார்த்தார்கள்? பயமுறுத்திய கடிதம் அவனை ஆலயத்துக்கு ஓடவைத்தது. புகழ்ந்த கடிதம் பொக்கிஷசாலைக்குக் கூட்டிப்போனது. அவன் இருதயத்தில் உள்ளதை அறியும்படி தேவன் அவனை விட்டுவிட்டார் என்ற பயங்கரமான வார்த்தை, அசீரியா சூழ்ந்திருந்தபோது எழுதப்படவில்லை. விருந்தாளிகள் வந்தபோது எழுதப்பட்டது.

சுகம் பெற்ற பிறகு, கடன் தீர்ந்த பிறகு, ஊழியம் பெருகிய பிறகு யார் நம்மைப் பார்க்க வருகிறார்கள், அவர்களிடம் எதைக் காட்டுகிறோம் என்று யோசிக்க வேண்டிய இடம் இது.

"என் நாட்களிலாவது சமாதானம் இருக்குமே" என்றானே, சுயநலம்தானே?

எல்லாம் பாபிலோனுக்குப் போகும், உன் குமாரரும் போவார்கள் என்று கேட்டபிறகு, கர்த்தருடைய வார்த்தை நல்லது என்றான். இதைத் தாழ்மையான ஒப்புக்கொடுத்தல் என்று விளக்குகிறவர்கள் உண்டு. தன் மேட்டிமைக்காக அவன் தன்னைத் தாழ்த்தினான் என்று 2 நாளாகமம் 32:26 சொல்வதால் அந்த விளக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் என் மனம் ஒரு ஒப்பீட்டில் நிற்கிறது. தான் மரிக்கப்போவதாகக் கேட்டபோது மிகவும் அழுதவன், பிள்ளைகள் சிறைப்படப்போவதாகக் கேட்டபோது அழுததாக எழுதப்படவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, கி.மு. 597இலும் 586இலும், அது நடந்தேறியது.

பக்தியுள்ள தகப்பனுக்கு மனாசே எப்படி?

ஆகாஸ், எசேக்கியா, மனாசே, ஆமோன், யோசியா. இந்த ஐந்து பெயர்களை வரிசையாகப் படித்தால் பரம்பரை என்ற சூத்திரம் உடைந்துவிடும். பொல்லாதவனுக்கு நல்லவன், நல்லவனுக்குப் பொல்லாதவன், மறுபடியும் பொல்லாதவனுக்கு நல்லவன். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் இதை விரிவாகப் பேசுகிறது. வழிதவறிய பிள்ளையுள்ள பெற்றோரிடம் "எங்கே தவறு செய்தீர்கள்" என்று விசாரிக்கும் முன் இந்த வரிசை நினைவுக்கு வரட்டும்.

தனியாகவோ குழுவாகவோ தியானிக்க எந்த வரிசையில் வாசிப்பது?

2 நாளாகமம் 29 முதல் 31 வரை முதலில். பிறகு ஏசாயா 7, அதையடுத்து 2 இராஜாக்கள் 18, 19. மேல்குளத்துச் சாலகம் இரண்டிலும் வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏசாயா 22ஐத் தவிர்க்க வேண்டாம். பிறகு ஏசாயா 38, 39, கடைசியாக 2 நாளாகமம் 32:24 முதல் 33 முடிய. பாபிலோன் தூதர் கதை பின்னால் எழுதப்பட்டிருந்தாலும், பொக்கிஷசாலை நிறைந்திருப்பதையும், வியாதியின்போது நகரத்துக்கும் விடுதலை வாக்களிக்கப்பட்டதையும் பார்த்தால், அது முற்றுகைக்கு முன் நடந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அப்படி எடுத்துக்கொண்டால் சறுக்கியவன்தான் பிறகு சனகெரிப்பின் நிருபத்தை ஆலயத்தில் விரித்தவன் ஆகிறான். குழுவில் இதை ஒரு கேள்வியாகவே வைத்துப் பேசிப் பாருங்கள். நேரம் மிஞ்சினால் நீதிமொழிகள் 25 முதல் 29 வரை: சாலொமோனின் அந்த நீதிமொழிகளை எடுத்தெழுதியவர்கள் எசேக்கியாவின் மனுஷர்.